பதினேழாம் நம்பர் பஸ்ல வெச்ச நோட்டு

கம்பெனி பஸ் ஓட்றவனுக்கு ஒரே வேலதான்: அஞ்சு நிமிஷம் முன்னாடி போனா பொண்ணுங்ககிட்ட திட்டு வாங்கணும், அஞ்சு நிமிஷம் லேட்டா போனா கம்பெனிகிட்ட திட்டு வாங்கணும். கரெக்ட் டைமுக்குப் போனா எவனும் கண்டுக்க மாட்டான். பதினெட்டு வருசமா சுங்குவார்சத்திரம் டு ஒரகடம் இதே பொழப்பு. என்ன மாதிரி ஸ்டீயரிங் புடிக்கிற அண்ணன் தம்பிங்களுக்கும், ஜன்னல் கம்பில தலைய முட்டிகினு வாயத் தொறந்து தூங்கிகினு வர ஷிப்ட் ஜனங்களுக்கும் இந்த வலி தெரியும். மத்தவங்க சும்மா ஏறிக்குங்க, சீட்டு கீது.

பேரு ஏழுமலை. படிச்சதும் ஏழுதான், அதுவும் பாஸ் ஆவல. வல்லக்கோட்டை பக்கம் வூடு. எழுத்துக்கூட்டிப் படிப்பேன், ஒரு பக்கம் முடிக்கறதுக்குள்ள டீ ஆறி ஏடு கட்டிடும். அப்பேர்ப்பட்ட என் பதினேழாம் நம்பர் பஸ்ல ஒரு மழைக்காலம் முழுக்க கதையா ஓடுச்சு. ஒரு பொண்ணு கதையும் எழுதுச்சு. அது எழுதின நோட்ட தொலச்சது யாருன்னு கேக்காதீங்க, நானே சொல்லிடறேன்.

போன் இல்லாத நாப்பது பேரு

இது சில வருசம் முந்தி. அப்ப கேமரா வெச்ச போனு கம்பெனி கேட்டத் தாண்டக் கூடாது. கேட்ல குடுத்துட்டுப் போனா, ஷிப்ட் முடிஞ்சு திரும்பி வாங்க கியூல நிக்கணும். கியூல நின்னா பஸ்ஸு போயிடும். அதனால ஹாஸ்டல் பொண்ணுங்க போன ரூம்லயே வெச்சிட்டு வந்துடும். நாப்பது பொண்ணுங்க, ஒரு போனு கெடையாது, முக்கா மணி நேரம் பயணம். தூங்கற வரைக்கும் தூங்குவாங்க. முழிச்சா ஜன்னல் சீட்டுக்கு சண்டை.

ஸ்ரீபெரும்புதூர்ல எஸ்தர்னு ஒரு அம்மா ஏறும். முப்பத்தஞ்சு வயசு, ரெண்டு புள்ளைங்க, லைன்ல சீனியர். ஞாயித்துக்கிழமை சர்ச்ல வசனம் வாசிக்கிற ஆளு, மைக் இல்லாமயே கொரல் கடைசி சீட்டுக்குப் போவும். ஒரு நாள் ஷிப்ட் முடிஞ்சு திரும்பறப்ப வல்லத்துகிட்ட ஏரித் தண்ணி ரோட்டு மேல ஏறிடுச்சு. வண்டி நவுரல. எல்லாருக்கும் பசி. எஸ்தர் பையிலேர்ந்து ஒரு பழைய மாத நாவல எடுத்து சும்மா சத்தமா படிக்க ஆரம்பிச்சுது. கால் மணில பஸ்ஸே கப்சிப். அப்புறம் தண்ணி வடிஞ்சு முன்னாடி வண்டிங்க கெளம்பிடுச்சு, பின்னாடி லாரிக்காரன் ஹாரன்ல கைய வெச்சு எடுக்கல, நான் கியர் போடறேன். கடைசி சீட்லேர்ந்து ஒரு மதுரப் பொண்ணு சொல்லுது: "அண்ணே, தண்ணி இன்னும் வடியலன்னு நெனச்சுக்கிட்டு ஒரு பத்து நிமிசம் நில்லுங்க."

சாம்பார் வாசனை

ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு சின்ன லைப்ரரி. அங்க இருக்கற மேடம் குள்ளமா இருக்கும், கையில எப்பவும் கொடை. வருசா வருசம் ஆவணி கடைசில ஆரம்பிச்சு கார்த்திகை தீபம் வரைக்கும் வாசிப்பு விழான்னு நடத்தும். எழுத்தாளருங்க வருவாங்க, கதைப் போட்டி நடக்கும். ஜனம்தான் வராது, ஏன்னா அப்பதான் மழை. வெயில் காலத்துல வெக்கலாமே மேடம்னு கேட்டேன். வெயில் காலத்துல ஃபேன் ஓடாதுன்னுச்சு.

எஸ்தர் கொண்டாந்த நாவலு தீந்துடுச்சு, பொண்ணுங்க இன்னும் கேட்டாங்க, அதான் நான் போயி நாப்பது புஸ்தகம் வேணும்னேன். ஒரு கார்டுக்கு மூணுதான்னு சட்டம் பேசுச்சு. மேடம், உங்க விழாவுக்கு ஜனம் வரமாட்டேங்குது, என் பஸ்ல ஜனம் எறங்கமாட்டேங்குது, ரெண்டையும் சேத்து வெப்போம்னு சொன்னேன். வாசல்ல வந்து பஸ்ஸ எட்டிப் பாத்துச்சு. நாப்பது தலையும் ஜன்னல் வழியா மேடத்தையே பாத்துகினு கீது. உள்ள போயி ஒரு அட்டப்பெட்டி நெறய எடுத்துகினு வந்து, என் டூல்ஸ் பெட்டி மேல வெச்சுட்டு சொல்லுச்சு: "நாப்பதும் தரேன் ஏழுமலை, ஆனா திரும்பி வரும்போது ஒண்ணுல கூட சாம்பார் வாசனை வரக்கூடாது."

டிரைவருக்குப் பின்னாடி சீட்டு

எனக்கு நேர் பின்னாடி ஒத்த சீட்டு. அதுல பேச்சியம்மான்னு ஒரு பொண்ணு ஒக்காரும். சங்கரன்கோவில் பக்கம். பேருலதான் பேச்சு, வாயில இல்ல. ஏறும்போது ஒரு சிரிப்பு, எறங்கும்போது ஒரு 'வாரேன் அண்ணாச்சி'. எங்க பக்கம் அண்ணாச்சின்னா மளிகக் கடைக்காரரு. மொத நாளே கேட்டுட்டேன், நான் இன்னாம்மா உனக்குப் பருப்பா அளந்து குடுத்தேன்னு. அதுக்கும் சிரிப்புதான்.

மத்த பொண்ணுங்க புஸ்தகத்தப் படிச்சா, இது மடில ஒரு நீட்டு நோட்ட வெச்சு எழுதிகினே வரும். வீட்டுக்குக் கடுதாசி போலன்னு நெனச்சேன். ரெண்டு வாரமா கடுதாசி முடியல. எங்க ரோட்ட உங்களுக்கு சொல்ல வேணாம், கண்டெய்னர் லாரிங்க உழுதுட்டுப் போன நெலம் அது. ஒரு நாள் பள்ளத்துல சக்கரம் எறங்கி பஸ்ஸே ஒரு ஆட்டம் ஆடுச்சு. பின்னாடிலேர்ந்து மொத தடவையா முழுசா ஒரு பேச்சு வந்துச்சு: "அண்ணாச்சி, பள்ளத்தப் பாத்து பைய ஓட்டுங்க, இங்க நோட்டுல ஒருத்தி இப்பதான் மாடிப்படி எறங்குதா."

ஒரே தலவாணி

அந்த நோட்ட வெளில கொண்டாந்தது எஸ்தர்தான். புடுங்கித்தான் வாங்குச்சு. கதை இதான்: ஒரு ஹாஸ்டல் ரூமு, ஒரு கட்டிலு, ரெண்டு பொண்ணுங்க. ஒருத்தி காலை ஷிப்டு, இன்னொருத்தி ராத்திரி ஷிப்டு. ஒருத்தி எழுந்து போனப்புறம்தான் இன்னொருத்தி வந்து படுப்பா. வார லீவும் வேற வேற நாளு. மாசக்கணக்கா ஒரே தலவாணில படுக்கறாங்க, ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாத்ததில்ல. தலவாணில ஒட்டிகினு இருக்கற நீட்டு முடிய பாத்து, அவளுக்கு முடி நெறயன்னு இவ தெரிஞ்சுக்குவா. அவ மறந்துட்டுப் போன தலைக் கிளிப்ப இவ தொடச்சு வெப்பா. ஒரு நாள் வந்து படுத்தா தலவாணி சுடுது. அய்யோ அவளுக்கு ஜொரம்னு தெரிஞ்சுக்கறா.

எஸ்தர் அந்த எடத்தப் படிச்சப்ப நான் கண்ணாடில பாத்தேன். பாதி பேரு ஹாஸ்டல்ல அப்பிடித்தான் படுக்கறாங்க. ஒருத்தரும் கண்ண சிமிட்டல. அன்னிலேர்ந்து திங்கக்கிழமை திங்கக்கிழமை ஒரு பாகம். ஸ்ரீபெரும்புதூர்ல ஆரம்பிச்சா ஒரகடம் கேட்டுகிட்ட முடியணும். முடியலன்னா நான் கொஞ்சம் ஸ்லோ பண்ணுவேன், அது மனுசத்தன்மை. மூணாவது திங்கக்கிழமை டிரான்ஸ்போர்ட் சூப்ரவைசர் கோபி சாரு கேட்ல வாட்ச்ச பாத்துகினு நின்னாரு. டயரு, டிராபிக்கு, மாடு, எல்லாம் சொன்னேன். பஸ்ஸவுட்டு எறங்கின ஒரு பொண்ணு அவர தாண்டிப் போறப்ப, கூட வந்தவகிட்ட சொல்லிட்டுப் போச்சு: "நல்லவேள அண்ணன் மெதுவா உருட்டுனாரு, இல்லன்னா அவளுக்கு மாத்திர குடுத்தாளா இல்லியான்னு தெரியாமயே எட்டு மணி நேரம் ஸ்குரு முடுக்கியிருக்கணும்."

எழுத்தாளர் எறங்க வேண்டிய எடம்

விழாவுக்கு ஒரு எழுத்தாளர் வந்தாரு. நல்ல மனுசன், ஜிப்பா, நரைச்ச தாடி. அன்னிக்கின்னு பாத்து கொட்டற மழை. லைப்ரரில அவரும் மேடமும் ஒரு பூனையும்தான். மேடம் என்ன பண்ணுச்சு, ஷிப்ட் முடிஞ்சு நாங்க திரும்பறப்ப ரோட்ல கொடைய நீட்டி பஸ்ஸ நிறுத்தி, அவர உள்ள ஏத்தி வுட்டுடுச்சு. கூட்டம் இங்கதான் கீது சார், பேசிட்டு பஸ் ஸ்டாண்ட்ல எறங்கிக்குங்கன்னு.

அவரு எழுதின புஸ்தகம் ஏற்கெனவே எங்க பெட்டில ஒண்ணு இருந்துச்சு, பத்து பேரு படிச்சு முடிச்சாச்சு. பாவம், அவருக்கு அது தெரியாது. இலக்கியம்னா என்னன்னு ஆரம்பிச்சாரு. எஸ்தர் கைய தூக்கி, அந்தக் கதையில அந்தப் பொண்ணோட அம்மாவ ஏன் சார் சாவடிச்சீங்கன்னு கேட்டுது. கதைக்கு தேவைப்பட்டுதும்மான்னாரு. அப்புறம் எங்க பேச வுட்டாங்க. பஸ் ஸ்டாண்டும் போச்சு, எஸ்தர் எறங்க வேண்டிய ஸ்டாப்பும் போச்சு, சுங்குவார்சத்திரத்துல டீக்கடையில ஒக்கார வெச்சு பஜ்ஜி வாங்கிக் குடுத்து அனுப்பினோம். ஆனா பஜ்ஜி திங்கறப்பவும் எஸ்தர் அவர வுடல: "கதைக்கு தேவைப்பட்டுச்சு, உங்களுக்கும் தேவைப்பட்டுச்சு, சரி சார், அந்தப் பொண்ணுக்கு அம்மா தேவைப்பட்டுச்சே, அத யாரு கேக்கறது?"

அச்சுல ஒரு பேரு

மேடம் கதைப் போட்டி நோட்டீஸ ஒண்ணு என் பஸ் கண்ணாடில ஒட்டுச்சு. தேர்ந்தெடுக்கற கதைங்கள எல்லாம் சின்ன புஸ்தகமா அச்சடிப்பாங்களாம். ஆயுத பூசை முடிஞ்சு அடுத்த வாரம் வியாழக்கிழமை கடைசி நாளு. பஸ்ஸே திரும்பி ஒத்த சீட்ட பாத்துச்சு. பேச்சி தலைய குனிஞ்சுகினு, இன்னும் முடிவு எழுதலன்னுச்சு. ரெண்டு பொண்ணுங்களும் பாத்துக்கணுமா வேணாமான்னு அதுக்கே தெரியலியாம். நாப்பது பேரும் பாத்துக்கணும்னு கத்துறாங்க. எனக்கு பிரேக் புடிக்கறதா காத பொத்தறதான்னு தெரியல.

எல்லாரும் எறங்கினப்புறம் அது நின்னுச்சு. காண்ட்ராக்ட் கார்த்திகையோட முடியுதாம். ஊருக்கு வரச்சொல்லிட்டாங்க. அங்க போனா வெடிஞ்சா பீடிதான், நோட்டும் பேனாவும் எடுத்தா வேல கெட்டுப் போவுதுன்னு வீட்ல சத்தம் வரும். அதுக்குள்ள இந்தக் கதை மட்டும் அச்சுல ஏறிடணும்னு சொல்லுச்சு. அது அவ்ளோ பேசி நான் கேட்டதே இல்ல: "ஒரு தடவ எம்பேர அச்சுல பாத்துட்டேன்னு வைங்க அண்ணாச்சி, அப்புறம் ஆயுசுக்கும் பீடி சுத்தச் சொன்னாலும் சுத்துவேன்."

பூசையில வெச்சா தொடக்கூடாது

ஆயுத பூசைன்னா எங்களுக்கு பஸ்ஸுதான் சாமி. கழுவி, பட்டை போட்டு, வாழைக்கன்னு கட்டி, பூசணிக்கா ஒடச்சு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். அந்த வருசம் லீவுக்கு முந்தின டிரிப்புல பொண்ணுங்கல்லாம் புஸ்தகத்தையும் குடுத்துட்டாங்க, சரஸ்வதிக்கும் சேத்து வெச்சிடுங்கன்னு. டேஷ்போர்டுல அடுக்கினேன். பேச்சியும் நோட்ட குடுத்துச்சு, ரெண்டு கையால. எங்க வண்டி மேல ஒழுவும். பூசைத் தண்ணி, குங்குமம் எதுவும் நோட்டுல படக்கூடாதுன்னு அத மட்டும் நாலா மடிச்ச பேப்பர்ல நல்லா சுத்தி, நூலு கட்டி, தனியா வெச்சேன். மரியாதை.

பூசை அன்னிக்கு எனக்கு போனு. அதே கடைசி சீட்டு மதுரப் பொண்ணு. அது படிச்சுகினு இருந்த நாவல்ல இன்னும் மூணு பக்கம் பாக்கியாம், தூக்கம் வரலியாம், ஓடிப்போன புருசன் திரும்பி வந்தானான்னு பாத்து சொல்லணுமாம். பூசையில வெச்ச புஸ்தகத்த மறுநாள் வரைக்கும் பிரிக்கக் கூடாதும்மான்னேன். அப்புறம் மெதுவா சொல்லுது: "நீங்க பிரிக்காதீங்கண்ணே, காத்துல அதுவா தொறந்துக்கிட்டா மட்டும் பாத்து சொல்லுங்க."

பாய் கடை

மறுநாள் ஷெட்டுல துப்புரவு. பொரி சிந்தின பேப்பரு, எல போட்ட பேப்பரு, சந்தனம் தொடச்ச பேப்பரு, எல்லா பஸ்ஸு குப்பையும் ஒரு மூட்டையா கட்டி, வழக்கமா வர பழைய பேப்பர் பாய் வண்டில ஏத்தி வுட்டோம். நானேதான் ஏத்தினேன், சீக்கிரம் வூட்டுக்குப் போலாம்னு. லீவு முடிஞ்சு மொத டிரிப்பு, புஸ்தகத்த ஒவ்வொருத்தருக்கா திருப்பிக் குடுக்கறேன். பேச்சி கைய நீட்டிகினு நிக்குது. அப்பதான் எனக்கு ஒறச்சுது. பேப்பர்ல சுத்தின நோட்டு, பேப்பரோட பேப்பரா போயிடுச்சு.

அன்னிக்கு சாயந்தரம் எஸ்தர கூட்டிகினு சுங்குவார்சத்திரம் பாய் கடைக்கு ஓடினேன். பாய் நல்லவரு, கடைய தலகீழா கவுத்து தேட வுட்டாரு. அரைப் பரீட்ச பேப்பரு, கல்யாண பத்திரிக, டைரி, ஊரு கதையெல்லாம் அங்க கீது, எங்க கதை மட்டும் இல்ல. காலைலயே லோடு மில்லுக்குப் போயிடுச்சாம். நான் அங்கயே ஒரு பேப்பர் மூட்ட மேல ஒக்காந்துட்டேன். பாய் எனக்கு டீ சொல்லிட்டு, ஆறுதலாத்தான் சொன்னாரு, அதான் இன்னும் குத்துது: "மில்லுக்குப் போன நோட்டு திரும்பி நோட்டாதான் வரும் ஏழுமல, என்னா ஒண்ணு, வெள்ளையா வரும்."

கடைசி சீட்டு

திட்டினா வாங்கிக்கலாம். அதுக்குத்தான் நம்ம உடம்பு பழகி கீது. பேச்சிகிட்ட போயி நடந்தத நடந்தபடி சொன்னேன். எஸ்தர் எனக்காக ரெண்டு வார்த்த பேசப் பாத்துச்சு. பேச்சி கேட்டுகிச்சு. நீங்க என்ன வேணும்னேவா செஞ்சீய, விடுங்க அண்ணாச்சின்னு எனக்கே சமாதானம் சொல்லிட்டு, பைய எடுத்துகினு கடைசி சீட்டுக்குப் போயிடுச்சு.

எனக்குப் பின்னாடி ஒத்த சீட்டு காலி. நின்னுகினு வந்தாங்களே தவிர அதுல யாரும் ஒக்காரல. எஸ்தர் படிக்கவும் இல்ல, புஸ்தகப் பெட்டிய யாரும் தொடவும் இல்ல. நான் ஆமை மாதிரி ஒவ்வொரு பள்ளத்தையும் தடவித் தடவி ஓட்டறேன், என்னால முடிஞ்சது அதான். ரெண்டாவது நாளு எறங்கறப்ப பேச்சி என்கிட்ட நின்னு சொல்லிட்டுப் போச்சு: "இனி பள்ளம் பாத்து ஓட்ட வேண்டாம் அண்ணாச்சி, மடில ஒண்ணுமில்ல."

கிளிப்பு இன்னா கலரு

கடைசி நாளுக்கு ரெண்டு நாள் முன்னாடி, செவ்வாக்கிழமை, ஷிப்ட் முடிஞ்சு திரும்பறோம். வல்லத்துகிட்ட மறுபடியும் தண்ணி. வண்டி நின்னுச்சு. மழை தகரத்துல அடிக்குது. திடீர்னு எஸ்தர் எழுந்து நின்னு, கையில ஒண்ணும் இல்லாம, சர்ச்ல வாசிக்கற மாதிரியே மொத பாகத்த சொல்ல ஆரம்பிச்சுது. ரூமு, கட்டிலு, தலவாணில முடி. நாலு வரி போனப்புறம் தடுமாறுச்சு. நடு சீட்டுல ஒருத்தி எடுத்துக் குடுத்தா. அப்புறம் இன்னொருத்தி. ஜொரம் வந்த எடத்துல, மாத்திரைய தலவாணி அடியில வெச்சான்னு ஒரு பொண்ணு சொல்லுச்சு. எனக்கு தாங்கல. இஞ்சின ஆஃப் பண்ணிட்டு திரும்பி, தலவாணி அடியில இல்ல, டம்ளர மூடி அதுமேல வெச்சான்னு கத்தினேன். எல்லாரும் என்ன பாக்கறாங்க. இன்னா பாக்கறீங்க, இத்தன வாரமா எனக்கும் காது இருந்துச்சு இல்ல.

கிளிப்புல வந்துதான் பெரிய சண்ட. பச்சைன்னு பாதி பஸ்ஸு, நீலம்னு பாதி பஸ்ஸு. லைன்ல கலர் பாத்து பீஸ் ரிஜெக்ட் பண்ற பொண்ணுங்க, வுட்டுக்குடுப்பாங்களா. தலமுடிய புடிச்சுக்காத குறைதான். அப்ப கடைசி சீட்டுலேர்ந்து, அழுதுகினே வந்த கொரல்ல, ஆனா கோவமா, பேச்சி சொல்லுச்சு: "பச்சையுமில்ல நீலமுமில்ல, ஊதா, எழுதினவ நான் இங்க இருக்கேன், என்ட்ட கேக்க மாட்டியளா?"

டிரிப் ஷீட்டு

எழுத பேப்பர் இல்ல. பொண்ணுங்க கம்பெனி பேப்பரு ஒரு துண்டு கூட வெளிய கொண்டார முடியாது, கேட்ல தடவிப் பாத்துதான் அனுப்புவாங்க. என்கிட்ட இருந்தது டிரிப் ஷீட்டு கட்டு, தெனம் வண்டி கெளம்பின நேரம் சேந்த நேரம் எழுதற ஃபாரம். பின்பக்கம் வெள்ள. கட்டோட குடுத்தேன். பேச்சி ஒத்த சீட்டுக்குத் திரும்பி வந்து எழுத, மத்தவங்க சொல்ல, அது இல்ல இல்லன்னு திருத்த, கை வலிச்சா எஸ்தர் எழுத, அப்புறம் வேற ரெண்டு மூணு பேரு. தண்ணி வடிஞ்சுது. அன்னிக்கு நான் நெஜமாவே வடியலன்னு நெனச்சுகினேன்.

மறுநாள் காலைல கேட்ல கோபி சாரு டிரிப் ஷீட்டு கேட்டாரு. பின்பக்கம் எழுதாதது ஒண்ணு கூட இல்ல. பொய் சொல்ல வாயில ஸ்டாக் இல்ல. எழுதின கட்ட எடுத்து நீட்டினேன், வேல போனா போவுதுன்னு. முன்பக்கத்த பாத்தாரு, காலி. திருப்பினாரு. கொடைய கழுத்துல இடுக்கிகினு நின்ன எடத்துலயே படிக்கறாரு. பின்னாடி மூணு பஸ்ஸு நிக்குது. பத்து பக்கம் போனப்புறம் நிமிந்து, என்ன வெளுக்கத்தான் போறாருன்னு நான் கண்ண மூடிகினேன், கேட்டாரு: "அடுத்த பக்கம் எங்கய்யா, அந்த ரெண்டு பொண்ணும் பாத்துக்கிச்சா இல்லியா?"

காலிக் கட்டிலு

முடிவ அன்னிக்கு ஹாஸ்டல்ல ஒக்காந்து பேச்சி மட்டும் எழுதிச்சு. வியாழக்கிழம காலைல எஸ்தர் படிச்சுது. ஆயுத பூசைக்கு எல்லா ஷிப்டுக்கும் லீவு. வருசத்துல அந்த ஒரு நாளுதான் ரெண்டு பேரும் ஒரே ரூம்ல. வெளக்கு அணைஞ்சு போச்சு, கரண்டு கட்டு. மூஞ்சி தெரியல. இவ நெனைக்கறா, பாவம் அவ ராத்திரி ஷிப்ட் பாத்தவ, கட்டில்ல படுக்கட்டும்னு கீழ படுத்துக்கறா. அவளும் அதே நெனச்சு அந்தப் பக்கம் கீழ படுத்துக்கறா. நடுவுல கட்டிலு காலியா கெடக்குது. அவ்ளோதான், கதை முடிஞ்சுது.

கேட்டு வந்துடுச்சு, நான் கதவத் தொறந்து வுட்டும், பாத்துக்கணும்னு கத்தின நாப்பது பேருல ஒருத்தரும் எறங்கல. எஸ்தர் கடைசி ஷீட்ட மடிச்சு பேச்சி கையில குடுத்து, அது கன்னத்துல லேசா ஒரு தட்டு தட்டி சொல்லுச்சு: "போடி, இனிமே எங்க வூட்டுக் கட்டில பாத்தாலே எனக்கு ஒருமாதிரி ஆவும்."

அஞ்சு கையெழுத்து

அன்னிக்கு ஷிப்ட் முடிஞ்சு, பஸ்ஸ லைப்ரரி வாசல்ல நிறுத்தி ஷீட்டுங்கள குடுத்தேன். மேடம் ஒவ்வொண்ணா திருப்பிப் பாத்து, மொகம் மாறுச்சு. போட்டி விதிப்படி எழுதினவரு சொந்தக் கையெழுத்துல இருக்கணுமாம். இதுல அஞ்சு கையெழுத்து. முன்பக்கம் வண்டி நம்பரு, டீசல் அளவுன்னு கட்டம் கட்டமா வேற. நான் பாய் கடையிலேர்ந்து கிளிப்பு கலரு வரைக்கும் மூச்சு வுடாம சொன்னேன். எழுதினது ஒருத்திதான் மேடம், மத்தவங்க கை மட்டும் குடுத்தாங்கன்னேன்.

ஜன்னல் வழியா பஸ்ஸ எட்டிப் பாத்துச்சு. மொத நாளு மாதிரியே நாப்பது தலை. இந்த வாட்டி ஒண்ணும் சிரிக்கல, பேச்சி தலை மட்டும் ஜன்னல்ல இல்ல, குனிஞ்சுகினு கீது. மேடம் சீலு எடுத்து மொத ஷீட்டுல ஒரு குத்து குத்திட்டு, பேனாவ என் பக்கம் தள்ளுச்சு: "சரி, அப்ப கை குடுத்தவங்க யாருன்னும் கீழ எழுதிட்டுப் போங்க."

கடைசி டிரிப்பு

மொத பரிசு நமக்கு இல்ல. ஆனா புஸ்தகத்துல போடற எட்டு கதையில பேச்சி கதையும் ஒண்ணுன்னு மேடம் சொல்லியனுப்புச்சு. புஸ்தகம் இதோ வருது அதோ வருதுன்னு அச்சகத்துக்காரன் இழுத்தான். கார்த்திகை தீபமும் போச்சு. பேச்சிக்கு கடைசி ஷிப்டும் வந்துடுச்சு. அன்னிக்கு சாயந்தரம் ஊருக்கு பஸ்ஸு. திரும்பி வர டிரிப்புல எல்லாரும் அது மொகத்த பாக்காம ஜன்னலயே பாத்துகினு வராங்க. ஸ்ரீபெரும்புதூர் ஸ்டாப்புல தூறல்ல ஒரு கொடை நிக்குது. மேடம். கையில பழைய பேப்பர்ல சுத்தி நூலு கட்டின ஒரு கட்டு.

என்ன பிரிக்க வுடல, எஸ்தரே பிரிச்சுது. சின்ன புஸ்தகம், உள்ளங்கை அகலம். முப்பத்தி மூணாம் பக்கம். நான் எழுத்துக்கூட்டிப் படிச்சேன், எல்லாரும் காத்துகினு இருந்தாங்க, ஒருத்தி கூட அவசரப்படுத்தல. எழுதியவர் பேச்சியம்மாள். கதை முடியற எடத்துல பொடி எழுத்துல இன்னொரு வரி: நோட்டு தொலைந்தபின் ஞாபகத்திலிருந்து எடுத்துச் சொன்னவர்கள், பதினேழாம் நம்பர் பஸ். பேச்சி அது பேரு மேல ஒரு வெரல வெச்சு, ஈர வெரலு, அழிஞ்சுடுமோன்னு பயந்து ஒடனே எடுத்துடுச்சு. சுங்குவார்சத்திரத்துல எறங்கறப்ப ஒரு புஸ்தகத்த என் கையில குடுத்துச்சு. நான் ரெண்டு கையால வாங்கறேன், அது சிரிச்சுகினே சொல்லுச்சு: "அண்ணாச்சி, இதையாவது பேப்பர்ல சுத்தி வைக்காதீய."

இப்பல்லாம் கேமராமேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டு போன உள்ள வுட்டுடறாங்க, வல்லத்துல தண்ணி ஏறினா நாப்பது தலையும் குனிஞ்சுதான் கெடக்குது, அதனால அண்ணன் தம்பிங்களே, அக்கா தங்கச்சிங்களே, உங்கள்ல எவராவது கதை எழுதினா தயவுசெஞ்சு என் வண்டில நோட்ட வெச்சிட்டுப் போவாதீங்க, சத்தமா படிச்சுக் காட்டிட்டுப் போங்க.